அகேசியாவில் கட்டிய மஞ்சள் துணி

கட்டிய துணியை அவிழ்த்துவிட்டால் ஒரு மரம் மறுபடியும் வெறும் மரமாகிவிடுமா? சோறு வடிக்கும்போதும் பாப்பாவைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு நடந்து வரும்போதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

துணியைக் கட்டியது நான்தான். சாமிக்காக அல்ல. அழிக்கவேண்டிய மரம் இது என்று அடையாளம் வைப்பதற்காக.

ஸ்கூடாயில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சிற்றோடை ஓடுகிறது. ஓடைக்கு அப்பால் ஒரு துண்டுக் காடு. வீடு கட்டியவர்கள் சதுப்பு நிலம் என்று தொடாமல் விட்ட இடம் அது. அதன் நடுவே போகும் ஒற்றையடிப் பாதை அந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளையும் சாப்பாட்டு ஒட்டுக்கடைகளையும் பாப்பாவின் பாலர் பள்ளியையும் எங்களோடு இணைக்கிறது. திருமணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் காட்டை நான் ஒரே பச்சையாகத்தான் பார்த்திருந்தேன். கொசு வரும், பாம்பு வரும் என்ற பயம்தான் அதைப்பற்றி எனக்கு இருந்த அறிவு.

அதைத் தனித்தனி மரங்களாகப் பார்க்கத் தொடங்கியதற்குக் காரணம் பாப்பாவின் இருமல். ஒரு மழைக்காலம் முழுவதும் அவளுக்கு நெஞ்சில் விசில் சத்தம். தாய்மார்களின் கைப்பேசிப் புலனக் குழுவில் யாரோ ஒருவர், அகேசியா மரத்துப் பூந்தூள்தான் பிள்ளைகளுக்கு இழுப்பைக் கொண்டுவருகிறது என்று எழுதியிருந்தார். கிளினிக் டாக்டரிடம் கேட்டேன். தூசியாக இருக்கலாம், குளிர்காற்றாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பூனையாகக்கூட இருக்கலாம், ஒரு மரத்தைக் குறிப்பிட்டுக் குற்றம் சொல்ல முடியாது என்றார். நியாயமான பதில்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அகேசியா எப்படி இருக்கும் என்று கைப்பேசியில் தேடினேன். பின்வாசல் கதவைத் திறந்தேன். ஓடைக்கு அப்பால் நின்ற மரங்களில் பாதி அதுதான்.

எங்கள் வரிசையின் மூலை வீட்டில் என் வயதொத்த மலாய்க்காரத் தோழி ஒருத்தி இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவளும் அக்கம்பக்கத்தார் சிலரும் ஞாயிறு காலைகளில் கையுறை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்வருவதைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். வெளியிலிருந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட செடிகளை எடுக்கிறார்களாம். நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். அகேசியா ஆஸ்திரேலியா பக்கத்து மரம், சாலையோர நிழலுக்காகவும் பலகைக்காகவும் இங்கே கொண்டுவரப்பட்டது, மண் எவ்வளவு கெட்டிருந்தாலும் வளர்ந்துவிடும் என்று அவள் சொன்னாள். காட்டில் ஓர் இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிவந்து உட்காருவது அதுதான். அப்புறம் இந்த மண்ணின் கன்றுகளுக்கு வெயில் கிடைக்காது. அவள் பேச்சில் கோபமே இல்லை. வகுப்பில் எப்போதும் முதலில் கைதூக்கும் மாணவனைப்பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். பூந்தூளைப்பற்றி மட்டும், தனக்குத் தெரியாது என்றாள்.

நானும் சேர்ந்துகொண்டேன். பாப்பாவை அழைத்துப் போகலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு முகமூடி, நீளக்கை சட்டை, பூட்ஸ், கொசுத்தைலம் எல்லாம் போட்டு அழைத்துப்போனேன். நிலவுக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறாள் என்று என் கணவர் சிரித்தார்.

அகேசியாவின் இலை உண்மையில் இலையே இல்லை என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அரிவாள்போல் வளைந்து தொங்குகிறதே, அது அகன்றுபோன காம்புதான். உண்மையான இலையைப் பார்க்க வேண்டுமானால் கன்றைத் தேடவேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடித்தவள் பாப்பா. "ம்மா, இங்க குட்டிப் புளியமரம்" என்று கூப்பிட்டாள். குனிந்து பார்த்தேன். விரல் நீளமே இருந்த அந்தக் கன்றின் அடியில் புளிய இலைபோல் பொடிப்பொடியாக இரண்டு இலை. அதற்கு மேலே பட்டையான ஒரு காம்பு, அதன் நுனியில் மட்டும் கொஞ்சம் பொடி இலை. உச்சியில் வெறும் அரிவாள். ஒரே செடியில் மூன்று பருவம். இதைக் காண எனக்கு ஏன் அத்தனை சந்தோஷம் வந்தது என்று தெரியவில்லை. வேரோடு பிடுங்கவேண்டிய கன்றைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெருசானா மூஞ்சி மாறிடுமாம்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"இந்தச் செடிக்கு மாறும்."

"எனக்கு?"

கொஞ்சம் மாறும் என்றேன். அன்று முழுவதும் அவள் கண்ணாடி முன்னால் போய்ப் போய் நின்றாள். தேவையில்லாததைச் சொல்லிவிட்டோமோ என்று நான் அவள் பின்னால் போய் நின்றேன்.

மழை பெய்த மறுநாள் கன்றுகள் சுலபமாக வரும், மண் இறுகினால் தண்டு ஒடிந்து வேர் உள்ளே நின்றுவிடும் என்பதெல்லாம் பழகப் பழகத் தெரிந்தது. சில செடிகளில் மட்டும் எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. மலாயில் செண்டுடுக் என்று ஒரு புதர் உண்டு. பெரிய ஊதாப் பூ பூக்கும். அது இந்த ஊர்க்காரி, விட்டுவிடவேண்டும். அதே சாயலில் இலையெல்லாம் மென்முடியாக, சின்ன வெள்ளைப் பூவோடு இன்னொன்று உண்டு. அதுதான் வந்து புகுந்தது, எடுக்கவேண்டும். பூ இருந்தால் கவலையில்லை. பூ இல்லாத நாளில் இலையைத் தடவித் தடவிப் பார்த்து, இது முடியா சொரசொரப்பா என்று தீர்மானிக்க முடியாமல், பிடுங்கவும் இல்லாமல் விடவும் இல்லாமல் நிற்பேன். மற்றவர்கள் ஒரு சரிவையே முடித்திருப்பார்கள்.

அதனால்தானோ என்னவோ, பெரிய மரங்களுக்கு அடையாளம் கட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பெரிய அகேசியாக்களை அடியோடு சாய்க்கக்கூடாதாம். சாய்த்தால் ஒரேயடியாக வெயில் விழுந்து, மண்ணில் பல காலமாகப் புதைந்து கிடக்கும் அதன் விதைகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம்போல் பட்டையை உரித்துவிடுவார்கள். மரம் நின்றபடியே மெல்ல மெல்லக் காயும். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மற்ற கன்றுகள் அதற்குள் எழுந்துவிடும். எந்த மரங்கள் என்று தோழி காட்டுவாள், நான் கட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவள் கொடுத்தது சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் நாடா. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காட்டைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் பிளாஸ்டிக் கட்டலாமா? மழையில் அறுந்து ஓடையில் போனால்? எடுப்பான நிறமாக இருந்தால் துணியும் போதும் என்று அவளே சொன்னது நினைவுக்கு வந்தது. அலமாரியில் தைப்பூசத்துக்குப் பாப்பாவுக்குப் பாவாடை தைத்த மஞ்சள் பருத்தித் துணி மிச்சம் இருந்தது. பச்சைக்கு நடுவில் மஞ்சள் பளிச்சென்று தெரியும். ஒரு முனையைப் பாப்பா பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்து, நீள நீளமாகக் கிழித்தோம். தீபாவளி முடிந்த வாரம் ஒவ்வொரு மரமாகப் போய்க் கட்டினேன். பாதை தொடங்கும் இடத்தில் நிற்பதுதான் இருப்பதிலேயே பெரியது. அதற்குத் துணி போதாமல் இரண்டை முடிச்சுப் போட்டுச் சுற்றினேன். கழன்றுவிடக்கூடாதே என்று அழுத்தமாகவே கட்டினேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஓடை பாதைக்கு மேல் ஏறியது. பட்டை உரிக்கும் வேலை தள்ளிப்போனது. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் காஹாங்கில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அங்கே பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, திரும்புவதற்கு நாளாகிவிட்டது. பள்ளி திறந்த அன்று காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டினேன்.

பாதை முகப்பில் ஊதுவத்தி வாசம் வந்தது.

என் மஞ்சள் துணிக்கு மேலே சந்தனம் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. அடியில் எலுமிச்சம்பழம், ஒரு அகல்விளக்கு, சீனிக்கட்டி வைத்த வெற்றிலை. அப்போதுதான் அதைப் பார்த்தேன். மரத்தின் வேரை ஒட்டி, முழங்கால் உயரத்துக்குக் கரையான் புற்று. அதன்மேல் மஞ்சள்தூள் தூவி, உச்சியில் ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள். கட்டப்போன அன்று நான் பட்டையைப் பார்த்தேன், இலையைப் பார்த்தேன், சுருண்டு தொங்கும் காயைப் பார்த்தேன். அடியைப் பார்க்கவே இல்லை. புற்றும் மஞ்சள் துணியும் சேர்ந்தால் நம்மவர்களுக்கு அது என்ன என்று சொல்லவா வேண்டும்? உள்ளே இருந்த மற்ற மரங்களில் துணி மழையில் நனைந்து துணியாகவே தொங்கிக்கொண்டிருந்தது. இது ஒன்று மட்டும் அம்மனாகிவிட்டது.

என் கணவர் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருகிறவர். விஷயத்தைச் சொன்னதும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஊருல கோயில் கட்ட கமிட்டி போட்டு அடிச்சிக்கிறாங்க. நீ ஒரு முடிச்சில கட்டிட்ட லா" என்றார். திருவிழா எப்போது, தண்ணீர்ப் பந்தல் போடவேண்டுமா என்று தினமும் கேட்கத் தொடங்கினார்.

தோழி சிரிக்கவில்லை. அவளும் பார்த்திருந்தாள். பழைய பெரியவர்களின் சமாதிகளில் மஞ்சள் துணி போர்த்துவதைத் தன் ஊரில் பார்த்து வளர்ந்தவள் அவள். நான் மஞ்சளில் கட்டியபோது, யாரும் அவிழ்க்காமல் இருக்கத்தான் வேண்டுமென்றே அந்த நிறத்தை எடுத்தேன் என்று நினைத்தாளாம். எங்கள் ஞாயிறு குழுவில் பட்டை உரிக்கக் கத்தி பிடிக்கும் சீனக் கிழவரோ, எந்த மரத்தை வேண்டுமானாலும் காட்டு, அதை மட்டும் காட்டாதே என்று மலாயில் சொல்லிவிட்டார். ஒரு துணியால் மூன்று இனத்துக்காரர்களையும் நான் நிறுத்திவிட்டேன். மற்ற மரங்களுக்குப் பட்டை உரித்தாயிற்று. முகப்பு மரம் மட்டும் அப்படியே நிற்கிறது. வெயில்பக்கம் நிற்பதால் அதிகம் காய்ப்பதும் அதுதான்.

இது இவ்வளவில் நின்றிருந்தால் நான் துணியை மெல்ல அவிழ்த்துக்கொண்டு வந்திருப்பேனோ என்னவோ. தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் கழித்து மரத்தில் ஒரு தொட்டில் தொங்கியது. சின்ன மரத் தொட்டில். கோயில் வாசலில் விற்பார்களே, அதுபோன்றது. எங்கள் துணிக்குச் சற்று மேலே, தாழ்ந்த கிளையில் சிவப்புக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நான் பாப்பாவை வேகமாக இழுத்துக்கொண்டு கடந்தேன்.

கட்டியவரை அடுத்த வாரமே பார்த்தேன். அடுக்குமாடியில் இருக்கும் ஓர் அக்கா. தொழிற்சாலைச் சீருடையோடு, நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், தென்னந்துடைப்பத்தால் மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கடையில் பார்த்துப் புன்னகைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அன்று அவர் நிறுத்திப் பேசினார். கல்யாணமாகிப் பல வருடம் ஆகிறது, ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது, கடைசி ஊசியும் போட்டாயிற்று. இன்னும் சில வாரத்தில் போய் முடிவு கேட்கவேண்டும் என்றார். மிகச் சாதாரணமாகச் சொன்னார், பஸ் நேரம் சொல்வதுபோல. பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சக்தி உள்ள மரம். உள்ள போய்ப் பாருங்க, மத்ததெல்லாம் காஞ்சிக்கிட்டு வருது. இது ஒன்னுதான் பச்சையா நிக்குது."

மற்றவை ஏன் காய்கின்றன என்று அந்த இடத்தில் அறிந்தவள் நான் ஒருத்திதான்.

"பாப்பா கையால தொட்டில ஒரு ஆட்டு ஆட்டச் சொல்றீங்களா? புள்ள கை பட்டா நல்லதும்பாங்க."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பாப்பாவைத் தூக்கிப் பிடித்தேன். அவள் தொட்டிலை ஆட்டினாள். பிறகு கீழே இருந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிகத் தெளிவான குரலில் சொன்னாள். "இது என் பாவாடைத் துணி."

அக்கா என்னைப் பார்த்தார். "நீங்க கட்டினதா?"

"ஆமாங்க்கா." அதில் பொய் இல்லை.

அவர் பாப்பாவைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார். கையை மெதுவாகப் பாப்பாவின் கன்னத்தில் வைத்தார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. நானும் முன்பு இங்கே வேண்டிக்கொண்டு தொட்டில் கட்டியவள், கட்டியதால் கிடைத்த பிள்ளை இது, அதன் பாவாடைத் துணியைக் காணிக்கையாகச் சுற்றியிருக்கிறேன் என்று அவர் மனத்துக்குள் எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது.

"எத்தன நாள்ல கேட்டது குடுத்தா?"

"எனக்குத் தெரியலக்கா" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு உண்மையான பதிலை நான் சொன்னதில்லை. அவர் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன்.

அதிலிருந்து எனக்கு இந்த மரத்தின்மேல் ஒரு விநோதமான ஆர்வம் வந்துவிட்டது. தினமும் நின்று பார்க்கிறேன். கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது. செவ்வாய் வெள்ளிகளில் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். நான் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் காட்டிலேயே அகேசியாக் கன்று ஒன்றுகூட இல்லாத இடம் அந்த மரத்தடிதான். அக்காவும் மற்றவர்களும் கூட்டிக் கூட்டி, தரை எங்கள் வீட்டுக் கூடம்போல் இருக்கிறது. முளைக்கிற எதையும் விடுவதில்லை. எங்கள் ஞாயிறு வேலையைவிட அவர்களுடைய வேலை சுத்தம். ஒரு நாள் அக்கா ஒரு கன்றைப் பிடுங்கி ஓரமாகப் போட்டதைப் பார்த்தேன். அதன் அடியில் பொடி இலை, உச்சியில் அரிவாள். தான் கும்பிடும் மரத்தின் பிள்ளைதான் அது என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை என்ற சொல்லை அவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

தோழியிடம் இதைச் சொல்லி, அப்படியானால் மரம் நின்றுவிட்டுப் போகட்டுமே என்றேன். மரத்தடியில் விழுகிற விதை பெரிய கவலை இல்லை என்றாள். ஒரு காயைப் பிரித்துக் காட்டினாள். கறுப்பு விதை ஒவ்வொன்றும் ஆரஞ்சு நிறச் சின்ன நாடாவில் தொங்குகிறது. குருவிகள் அந்த நாடாவுக்காகவே வரும், விதையோடு விழுங்கும், காட்டின் நடுவே போய்ப் போடும். மரத்துக்கு அதன் நாடா, எனக்கு என் நாடா. இரண்டும் எடுப்பான நிறம், இரண்டும் நினைத்ததற்குமேல் வேலை செய்துவிட்டன. இப்போது காய்கள் பழுப்பாகிக்கொண்டிருக்கின்றன. வெடிக்கத் தொடங்குமுன் முடிவு செய்தால் நல்லது என்றாள். ஆனால் அவள் என்னை அவசரப்படுத்தவில்லை. அந்த மக்களை உனக்குத்தான் தெரியும், நீ சொல்வதுபோல் செய்வோம் என்று விட்டுவிட்டாள். யாராவது எனக்கு உத்தரவு போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பட்டையை உரித்தால் மரம் உடனே சாகாது. இலை ஒவ்வொன்றாக உதிரும். ஒவ்வொரு காலையும் அந்த அக்கா அதைக் கூட்டுவார். ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்களோ தெரியாது. நல்ல செய்தி வந்து மரம் காய்ந்தால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகப் பயப்படுவார். கெட்ட செய்தி வந்து மரம் காய்ந்தால், அதைப்பற்றி நினைக்கவே என்னால் முடியவில்லை. எதுவும் செய்யாமல் விட்டால், பாப்பா பெரியவளாகும்போது ஓடைக்கு அப்பால் அரிவாள் இலைகள் மட்டுமே இருக்கும். உண்மையைச் சொல்லிவிடு என்கிறார் என் கணவர், இப்போது அவரும் சிரிப்பதில்லை. சொல்லிவிடலாம். "அக்கா, அது வேண்டுதல் துணி இல்லை, சாகவேண்டிய மரத்துக்குக் கட்டினது." இந்த வாக்கியத்தைப் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டேன். முதல் பாதிவரை வருகிறது.

நேற்று காலை அக்கா மரத்தடியில் இல்லை. துடைப்பம் மட்டும் சாத்தியிருந்தது. இன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வாரம் இதுவாக இருக்கலாம். பாப்பா தானாகவே வேர்மேல் ஏறி எட்டித் தொட்டிலை ஆட்டிவிட்டுவந்தாள். நான் தடுக்கவில்லை. குனிந்து, கூட்டிய தரையில் புதிதாக எட்டிப்பார்த்த ஒரு கன்றை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் சாமி மரங்களைப்பற்றி அறிந்தவர்கள் இருப்பீர்கள், காடு காப்பவர்கள் இருப்பீர்கள், பிள்ளைக்காகத் தொட்டில் கட்டியவர்களும் இருப்பீர்கள். ஒரு மரத்திலிருக்கும் வேண்டுதலை இன்னொரு மரத்துக்கு மாற்றும் வழி ஏதும் உண்டா? புற்றைத் தொடாமல், பக்கத்தில் இந்த மண்ணின் கன்று ஒன்றை நட்டு, அது வளரும்வரை இந்த மரத்தின் காய்களை மட்டும் பறித்துக்கொண்டிருந்தால் போதுமா? அந்த அக்கா திரும்பி வரும்போது என் வாயிலிருந்து முதலில் வரவேண்டிய சொல் எது? உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். காய்கள் வெடிக்குமுன் எழுதினால் உதவியாக இருக்கும்.